ஏலக்காய்க் கேக்கின் கடைசித் துண்டு

1956 ஏப்ரலில் வெஸ்ட்ஹெய்ம் மாவட்டக் கோர்ட்டின் ஜூரி அறையில் ஒரு துண்டு ஏலக்காய்க் கேக்கைப் பன்னிரண்டு பேர் மூன்று வாரம் தின்றார்கள்; தீரவில்லை. அந்த மாதம் முட்டை டஜன் முப்பத்தைந்து சென்ட் விற்றது, ஏரியில் பனிக்கட்டி வழக்கத்தைவிடத் தாமதமாக உடைந்தது, லூத்தரன் சர்ச்சின் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். இந்த நான்கில் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேசிக்கொண்டது தகரத்தைப் பற்றித்தான்.

மினசோட்டாவின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் பக்கத்தில் எவனும் எதையும் முதல் தடவை கேட்டவுடன் வாங்கிக்கொள்ள மாட்டான். காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பான். கொஞ்சமாவது என்றால், ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பான். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரை கப், ஏற்கனவே போட்டிருந்தால் மட்டும் என்பான். அந்த அரை கப் மூன்று கப்பில் போய் முடியும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவனை நாங்கள் திட்ட மாட்டோம், அவன் வெளியூரில் வளர்ந்தவன் என்று எண்ணி மன்னித்துவிடுவோம். தட்டில் இருக்கும் கடைசித் துண்டு விஷயமும் இப்படித்தான். அதை முழுசாக யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதி வெட்டிக்கொள்வார், அடுத்தவர் மீதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. தட்டில் ஏதாவது மிச்சமிருக்கும்போது மேஜையை விட்டு எழுந்து போவதும் கிடையாது, செய்தவளுக்கு அது அவமானம். வீடுகளில் இந்தக் கூத்து ஓர் அளவுக்கு வந்ததும் வீட்டுக்காரி தட்டைத் தூக்கி நாய்க்குப் போட்டுவிடுவாள். ஜூரி அறையில் வீட்டுக்காரி கிடையாது, நாயும் கிடையாது.

ஜூரியில் ஏழாவது நாற்காலி போர்கில்ட் ஸ்டென்ருட் என்பவளுக்கு வந்தது. ஐம்பது தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், ஏரிக்கு மேற்கே தம்பி ஹால்வோரோடு மாடு வைத்துப் பிழைத்துவந்தாள். ஹால்வோரும் கல்யாணம் ஆகாதவன். நல்லவன், குடிக்க மாட்டான், கைவேலை சுத்தம்; பேச மட்டும் மாட்டான். காலையில் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை, மாலையில் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அவன் கணக்கு. அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் கடிகாரம்தான் அதிகம் பேசியது. கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்ததும் போர்கில்ட் பயந்துபோனாள். முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும், ஒரு மனுஷனுக்குத் தண்டனையா விடுதலையா என்று சொல்ல வேண்டும். எப்படியாவது கழன்றுகொள்ளப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டின்போது, “பால் யாரு கறப்பா?” என்று தம்பியிடம் கேட்டாள், அவன் முடியாது என்பான், அதைக் கோர்ட்டில் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. ஹால்வோர் உருளைக்கிழங்கை மென்றபடியே யோசித்தான், படுக்கப் போனான், மறுநாள் காலையில் பதில் சொன்னான். “கறந்துக்கலாம்.” அன்றைக்கு வானத்தைப் பற்றிய வார்த்தை அவனுக்கு மிச்சமாயிற்று.

வழக்கு இதுதான். எங்கள் ஏரி உறைந்ததும் ஆண்கள் அதன் மேல் சின்ன மரக்கொட்டகைகளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, உள்ளே அடுப்பு மூட்டி, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். பால் ஏடு வாங்கி விற்கும் கண்டர்சனின் கொட்டகைதான் ஏரியிலேயே ஆடம்பரமானது. ஜன்னலுக்குத் திரையும் ரேடியோவும் இருந்தன. ஜனவரியில் ஒரு சாயங்காலம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அது எரிந்து சாம்பலாகி, பனிக்கட்டியைக் கரைத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டது. அங்கிருந்து பனியில் ஒரு ஜோடி பூட்ஸ் தடம் ரெய்னோ லாஹ்தியின் வீட்டுவாசல் வரை போனது. ரெய்னோ சதுப்புக்கரையில் வாழும் பின்லாந்துக்காரன், முப்பது வயது, மரம் வெட்டுகிறவன். மீன் பிடிக்கும் இடத்தைப் பற்றி அவனுக்கும் கண்டர்சனுக்கும் முன்பே மனத்தாங்கல் இருந்தது. நிரூபணமானால் ஐந்து வருஷம் மாநிலச் சிறை. அவன் மனைவி ஐலி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தினமும் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு அதுதான் முதல் குழந்தை. உதவிக்கு வேறு உறவு என்று இந்தப் பக்கம் யாரும் இல்லை.

அவனைப் பிடித்த துணை ஷெரிஃப் சிகாகோவிலிருந்து புதிதாக வந்தவர். சாட்சிக்கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். நடந்ததை உன் வாயால் சொல்கிறாயா என்று ரெய்னோவைக் கேட்டாராம். “வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றானாம். அத்தோடு இவர் பேனாவை மூடிவிட்டாராம். அரசு வக்கீல் ஜூரியின் பக்கம் திரும்பி, குற்றமில்லாதவன் வாயைத் திறக்க மாட்டானா என்று கேட்டபோது பன்னிரண்டு பேரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டுலூத் நகரத்திலிருந்து கோர்ட் ரெய்னோவுக்காக நியமித்து அனுப்பிய வக்கீல் எழுந்து, “நீங்க சாட்சி சொல்ல வர்றீங்களா மிஸ்டர் லாஹ்தி?” என்றார். ரெய்னோ இரண்டு கைகளையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எழுந்தான். “பரவாயில்லைங்க, வேண்டாம்” என்றான். சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். வக்கீலுக்கு மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது, அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். ரெய்னோ இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கடைசி பெஞ்சில் ஐலி கண்ணை மூடிக்கொண்டாள்.

இதையெல்லாம் போர்கில்ட் எப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு போனவள் முதல் நாள் சாயங்காலத்துக்குள் பயத்தை மறந்துவிட்டாள். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி, முழு வாக்கியங்களில், ஆரம்பம் முதல் முடிவு வரை பேசினார்கள். ஒரே சாயங்காலத்தை கண்டர்சன் ஒரு விதமாகச் சொன்னார், பக்கத்துக் கொட்டகைக்காரர் வேறு விதமாகச் சொன்னார், துணை ஷெரிஃப் மூன்றாவது விதமாகச் சொன்னார். அவளுக்கு வருஷக்கணக்கான பட்டினிக்குப் பிறகு விருந்துக்கு உட்கார்ந்தது போல இருந்தது. ராத்திரி மாவட்டச் செலவில் ஓட்டலில் படுக்கை. அங்கே வேறு யாரோ சமைத்தது மேஜைக்கு வந்தது, வேறு யாரோ பாத்திரத்தை எடுத்துப் போனார்கள், குழாயைத் திருகினால் தொட்டி நிறைய வெந்நீர். தன்னால் இப்படிச் சந்தோஷப்பட முடியும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவனுடைய கஷ்டத்தில் தனக்கு என்ன கொண்டாட்டம் என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் தொட்டி பாதி நிறையும் வரை இருக்கும், பிறகு போய்விடும்.

சாட்சிகள் முடிந்து ஜூரியை உள்ளே அனுப்பியது காப்பி நேரத்தில். அந்த வேளையில் ஒரு முடிவை எதிர்பார்த்து ஆட்களை அறைக்குள் அனுப்பியது நீதிபதி செய்த ஒரே தவறு. ஜூரியில் இருந்த ஹில்மா டால்பெர்க் என்ற விதவை, பட்டினியாக யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லி, வாசலில் நின்ற கோர்ட் சேவகர் கஸ்டிடம் அனுமதி வாங்கி ஒரு தட்டு ஏலக்காய்க் கேக்கை உள்ளே கொண்டுவந்தாள். விதை வியாபாரி ஆர்வில் ட்வெட்டைத் தலைவராக்கினார்கள்; அவர் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்ன பிறகு. கேக் சுற்றிவந்தது. தட்டில் ஒரு துண்டு நின்றது. அதன் பிறகு ஆர்வில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

“சரி, என்ன நினைக்கிறீங்க எல்லாரும்?”

“நீங்க சொல்லுங்களேன்.”

“ஐயோ, நான் எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி. ஹில்மா சொல்லட்டும்.”

“மத்தவங்க என்ன நினைக்கிறாங்களோ அதுதான் எனக்கும்.”

இப்படி மேஜையைச் சுற்றி மூன்று தரம் போன பேச்சு கடைசியில் ஏழாவது நாற்காலியில் வந்து நின்றது. “போர்கில்ட், நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார் ஆர்வில். கறவை எத்தனை, மாவு எங்கே, கதவைச் சாத்தினாயா என்றெல்லாம் அவளைக் கேட்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று அவளைப் பிறந்ததிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. பதினோரு பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த மௌனம் வீட்டு மௌனத்தைப் போல இல்லை. அவளுக்காகவே ஒதுக்கிவைத்த இடம் போல இருந்தது. அவளுக்குக் காதோரம் சூடேறியது. பதில் அவளிடம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இந்தக் காத்திருப்பு முடிந்துவிடும். “யோசிக்கணும்” என்றாள். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். ஆர்வில் கடைசித் துண்டில் பாதியை வெட்டிக்கொண்டார்.

கேக் தீராமல் போன விதம் மிகவும் சாதாரணமானது. பாதி எடுத்தால் பாதிதான் மிஞ்சியது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மிஞ்சிய பாதி, அடுத்தவர் கத்தியைக் கையில் எடுக்கும்போது வெட்டுவதற்குத் தகுந்த அளவில் இருந்தது. முதல் நாள் முடிந்தது, முதல் வாரம் முடிந்தது. ராத்திரி படுக்க மட்டும் ஓட்டலுக்குப் போனார்கள், அதை எழுந்து போனதாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாவு காயவில்லை, மேலே தூவிய சர்க்கரை உருகவில்லை, ஏலக்காய் வாசனை குறையவில்லை. ஜூரியில் இருந்த பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டதற்கு, கணக்குப்படி இது சரிதான், இதுவரை வீடுகளில்தான் தப்பாக நடந்துவந்திருக்கிறது என்றார். தினமும் காலையில் கஸ்ட் கதவைத் திறந்து, “முடிவாச்சாங்க?” என்பார். “தட்டுல இன்னும் இருக்குதே” என்பார் ஆர்வில். கஸ்டும் எங்கள் பக்கத்து ஆள், விஷயம் புரிந்து நீதிபதியிடம் போய் அப்படியே சொல்வார். நீதிபதியும் எங்கள் பக்கத்து ஆள். சட்டப் புத்தகத்தில் தேடிப் பார்த்தார், மேஜையில் பலகாரம் இருக்கும்போது ஜூரியை எழுப்பலாம் என்று அதில் எங்கும் போட்டிருக்கவில்லை.

அந்த வாரங்களில் போர்கில்ட் பேசக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு காலையிலும் ஆர்வில் அவளைக் கேட்பார், அவள் வழக்கில் ஒரு சங்கதியை எடுத்து நீட்டி முழக்குவாள். பூட்ஸ் தடம் கொட்டகைக்குப் போகும்போது அகலமாகவும் திரும்பி வரும்போது நெருக்கமாகவும் இருந்ததாகச் சொன்னார்களே, போகும்போது ஓடினானா வரும்போது ஓடினானா என்பாள். அதிலிருந்து பேச்சு ஓட்டத்துக்குப் போகும், ஓட்டத்திலிருந்து ஆர்வில்லை ஒரு வாத்து துரத்திய கதைக்குப் போகும். சீட்டாடினார்கள். ஹில்மா தன் புருஷன் கல்யாணத்தன்று கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டதைச் சொன்னாள். போர்கில்ட் தனக்கே தெரியாத ஒரு திறமையைக் கண்டுபிடித்தாள்: ஆட்களைப் போல நடித்துக்காட்டினாள். துணை ஷெரிஃப் தொப்பியைச் சரிசெய்வது, டுலூத் வக்கீல் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது. மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹால்வோர் லாரியை ஓட்டிவந்து ஜன்னலுக்குக் கீழே தெருவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் மேலேயிருந்து கையசைப்பாள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். அவ்வளவுதான், கிளம்பிவிடுவான். அவன் போனதும் அவளுக்கு வீட்டு நினைப்பு வரும், கடிகாரச் சத்தம் வரும், திரும்பி வேகமாக மேஜைக்குப் போய்விடுவாள்.

கீழே ஒருவன் அடைபட்டிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கோர்ட்டின் லாக்கப் ஜூரி அறைக்கு நேர் கீழே. இரண்டுக்கும் வெந்நீர் கொண்டுபோய்ச் சூடேற்றும் குழாய் ஒன்றுதான். மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம் போர்கில்ட் கண்டர்சன் நடையை நடந்துகாட்டினாள். தொப்பையை முன்னே விட்டு, அதன் பின்னால் தான் வருவது போல. ஆர்வில்லின் பல்செட் கழன்று மேஜையில் விழப் பார்த்தது. சிரிப்பு அடங்கி, ஹில்மா அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் பிரிக்கத் தொடங்கியபோது குழாயில் கொதிக்கும் தண்ணீர் ஒரு நிமிஷம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் கீழேயிருந்து பேச்சு மேலே வந்தது. முதலில் ஒரு பெண் குரல். ஐலியை அன்றைக்கு உள்ளே பார்க்க விட்டிருந்தார்கள்.

“மேல சிரிக்கிறாங்களே. அது நமக்கு நல்லதா கெட்டதா?”

“தெரியலம்மா” என்றான் ரெய்னோ. “தினமும் சிரிக்கிறாங்க. அதுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க பேச ஆரம்பிச்சா எல்லாரும் கம்முனு ஆயிடுறாங்க. அப்புறம் ஒரே சிரிப்பு. சில நேரம் எனக்கே சிரிப்பு வந்துடுது.”

“எனக்கு இடுப்புல பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரம் தாண்டாது போல. தனியா என்ன செய்வேன்? கொஞ்சம் சீக்கிரம் முடிங்கன்னு சொல்லி அனுப்பலாமா?”



“வேண்டாம், ஐலி. சந்தோஷமா இருக்காங்க. எதுக்குத் தொந்தரவு.”

தண்ணீர் மறுபடி கொதித்தது. பன்னிரண்டு பேருக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. பன்னிரண்டு பேரும் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள். ஆர்வில் எதையாவது செய்ய வேண்டுமே என்று கத்தியை எடுத்துக் கடைசித் துண்டின் பக்கம் கொண்டுபோனார், பிறகு பசியில்லை என்று கீழே வைத்தார். போர்கில்ட் இன்னும் தொப்பையைப் பிடித்த கையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அவமானம் காலிலிருந்து ஏறியது. மூன்று வாரமாக யோசிக்கணும் யோசிக்கணும் என்றாளே, யோசிக்க அதில் என்ன இருந்தது? அந்த மனுஷன் எழுந்து நின்று இரண்டாம் தடவை யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தவள். அவன் வேண்டாம் என்று சொன்னதுதான் அவன் நல்ல வளர்ப்புக்கு அத்தாட்சி என்பது தொட்டிலில் இருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தன்னை யாரோ கேட்கிறார்கள் என்ற ஒரு சுகத்துக்காக ஒருவனைக் கீழே உட்காரவைத்திருக்கிறாள். அவனோ அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. இதை இப்போது முடித்தால் நாளைக் காலை மாட்டுத் தொழுவம், அப்புறம் கடிகாரம், சாகும்வரை கடிகாரம். அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள், ஒளிக்கவில்லை. பிறகு கையை நீட்டி, யாரும் கேட்காமல், பாதி வெட்டாமல், கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஐயோ!” என்றாள் ஹில்மா. வாத்தியார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எங்கள் மாவட்டத்தில் அதற்கு முன் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை. போர்கில்ட் நிதானமாக மென்றாள், விழுங்கினாள், தட்டில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தாள். தட்டு காலியாக இருந்தது.

“அந்த ஆளு கொளுத்தல” என்றாள். “எனக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கும் தெரியும். அவரை யாரும் மூணு தடவ கேக்கல, அவ்வளவுதான்.”

“எனக்கும் அதேதான் தோணுச்சு” என்றார் ஆர்வில்.

“எனக்கும்” என்றாள் ஹில்மா. எனக்கும் எனக்கும் என்று அது மேஜையைச் சுற்றி ஒரே மூச்சில் போய் முடிந்தது.

“பின்ன ஏன் ஒருத்தரும் சொல்லல?”

“நீங்க யோசிச்சிக்கிட்டு இருந்தீங்களே” என்றார் வாத்தியார் பணிவாக. “குறுக்க பேசக் கூடாதில்லையா.”

போர்கில்ட் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூலையிலிருந்த தொட்டியில் கழுவினாள். தேவைக்கு அதிகமாகவே கழுவினாள். அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவள் முதுகை யாரும் பார்க்கவில்லை. ஹில்மா மட்டும் போய் ஒரு துணியை எடுத்துப் பக்கத்தில் நின்று, ஏற்கனவே காய்ந்திருந்த ஒரு கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குற்றவாளி இல்லை என்று ஆர்வில் கோர்ட்டில் படித்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கு நடக்கும்போது அவர் குறுக்கே போய்க் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. முடிந்துவிட்ட பிறகு அவரும் ஊர்க்காரர்களில் ஒருவர்தானே. “சொல்றதுக்கு ஏதாவது இருக்கா, லாஹ்தி?” என்றார். “ஒண்ணுமில்லைங்க.” “இருந்தா சொல்லுங்க, கேக்கறோம்.” “உங்களுக்கெல்லாம் நேரமாகும்.” கோர்ட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஐலி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். “எங்களுக்கு நேரம் நிறைய இருக்கு” என்றார் நீதிபதி. “சொல்லுங்க.”

ரெய்னோ சொன்னான். அன்று சாயங்காலம் கரையிலிருந்து பார்த்தபோது கண்டர்சன் கொட்டகையின் ஜன்னல் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்திருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறாரோ என்று ஓடியிருக்கிறான். அடுப்புக் கதவு திறந்து கிடந்தது, திரை பிடித்துக்கொண்டிருந்தது, பனியை அள்ளி அள்ளிப் போட்டுப் பார்த்தான், கூரை இறங்கியதும் முடியாமல் நடந்து வீட்டுக்குப் போனான். இதைச் சொல்லும்போது கை தானாக பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்து ஆறிப் பளபளவென்றிருந்தன. இதை முன்பே காட்டியிருக்கலாமே என்று துணை ஷெரிஃப் கேட்டார். வலியைக் கடைவிரிக்க அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், சிகாகோவில் அது எப்படியோ. கண்டர்சன் எழுந்து நின்றார், “அப்படியா” என்றார், உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் அது மன்னிப்பு. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பதினைந்து வருஷம், அவர் சாகும்வரை, ரெய்னோ வீட்டு வாசலில் வாரம் ஒரு கேன் பால் ஏடு யார் வைத்தது என்று தெரியாமல் இருந்துகொண்டே இருந்தது. ரெய்னோ அன்றைக்கே வீடு போய், பின்லாந்து வழக்கப்படி பிரசவத்துக்கு நீராவிக் குளியல் குடிலைக் கழுவிச் சூடேற்றி வைத்தான். மூன்றாம் நாள் காலை அதில் ஐலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐலி முதல் தடவை கத்தியதுமே பக்கத்தில் இருந்தது அவன்தான்.

தீர்ப்பு சொன்ன சாயங்காலம் போர்கில்ட் பெட்டியோடு கோர்ட் படியில் இறங்கியபோது ஹால்வோர் லாரியோடு காத்திருந்தான். ஒரு விரலைத் தூக்கினான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஊர் எல்லை தாண்டும் வரை என்ஜின் சத்தம் மட்டும்தான். சாலை இரண்டு பக்கமும் பனி உருகி வயல்களில் தண்ணீர் நின்றது. இதோ வந்துவிட்டது அந்த மௌனம் என்று அவள் நினைத்தாள். அதைத் தள்ளிவைக்கத்தான், யாரையும் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். கண்டர்சன் கொட்டகையின் திரை என்ன நிறம் என்பதிலிருந்து. கண்டர்சன் சொன்னது, பக்கத்துக் கொட்டகைக்காரர் சொன்னது, துணை ஷெரிஃப் தொப்பியைச் சரிசெய்தது. உட்கார்ந்தபடியே எல்லோரையும் நடித்துக்காட்டினாள். டுலூத் வக்கீல் கடிகாரத்தைப் பார்த்த இடத்தில் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமினான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் பண்ணைக்குத் திரும்பும் பாதை வந்தது. ஹால்வோர் திரும்பவில்லை. நேராக ஓட்டினான், ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில். சதுப்புக்கரை போனது, மரம் அறுக்கும் மில் போனது, ஊர் மறுபடி வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது. பங்க்கில் நின்றிருந்த முதலாளி தன் மனைவியிடம், “ஸ்டென்ருட் வண்டி இது ரெண்டாவது ரவுண்டு, என்னவாம்?” என்றார். “பேசிக்கிட்டுப் போறாங்க போல” என்றாள் அவள். “ஹால்வோரா!” என்றார் அவர், துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வண்டி மறையும் வரை பார்த்தார். வண்டியில் கிளம்பும்போது கால் டாங்க் பெட்ரோல்தான் இருந்தது. அது பாதியாகியது. அந்தப் பாதியும் பாதியாகியது. பெட்ரோல் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்ப் போய், பாதி பாதியாக நெருங்கிக்கொண்டே இருந்தது, தொடவில்லை. மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டார்.

குழாயில் பேச்சு கேட்ட இடத்துக்கு வந்ததும் போர்கில்ட் நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் அவன் பொறுத்துக்கொண்டதே பெரிது என்றும் தோன்றியது. “போதும், வீட்டுக்குப் போலாம்” என்றாள். ஹால்வோர் முள்ளை ஒரு பார்வை பார்த்தான். பேசாமல் கியரை மாற்றினான், பண்ணைப் பாதை மூன்றாம் தடவையாகப் பின்னால் போனது.

“அப்புறம்?” என்றான்.